தராசில் ஏறிய விமானி

தெஹியோவிட்டயிலிருந்து அவிசாவளை போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டுக்காரர், மடியில் ஒரு மெல்லிய சோலார் தகட்டை அணைத்தபடி மனைவியிடம் சொன்னார்:

“நேத்து ஒன்னைய ரப்பர் பால் ஸ்டோர் தராசுல ஏறி நிக்கச் சொன்னது இதுக்குத்தான். நானும் கூட்டாளிமாரும் செய்யிற கிளைடர்ல பறக்க கனம் கொறஞ்ச ஆளு வேணும்.”

“ஏங்க, அது காத்துலயே பறக்கும்னீங்க?”

“மேல போனாத்தான் காத்து தாங்கும். மேல ஏத்தி விட மோட்டர், பெட்டரி எல்லாம் வேணும்ல? அந்தக் கனத்தோட நானும் ஏறுனா தரைய விட்டு எழும்பாது. ஓட்டுறதுக்கு நாங்க பழக்கி விடுறோம்.”

“அப்ப இந்த சோலாரு?”

“றெக்கை மேல ஒட்டுவோம். ஏறுறதுக்குள்ளயே பெட்டரி பாதி எறங்கிரும். பறக்கப் பறக்க இது சார்ஜ் ஏத்தும். வெயில் மட்டும் அடிக்கணும்.”

அந்த அம்மா, ஜன்னலுக்கு வெளியே பால் வடியச் சிரட்டை கட்டி நின்ற ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

“வெயில் நாள்னா பால் வெட்டி, நிறுத்துக் குடுத்துட்டு வரவே மத்தியானம் ஆயிரும். அதுக்கப்புறம் நம்ம பக்கம் மழைதான். காலையிலயே மழைன்னா எனக்கு லீவு. ஒங்க சோலாருக்கும் லீவு. நான் என்னைக்குத்தாங்க பறக்குறது?”

அவர் தகட்டைத் தடவியபடி யோசித்தார்.

“இன்னொரு பெட்டரி வச்சா மழை மப்புலயும் பறக்கலாம்.”

“வைங்க. வச்சிட்டு, கனம் கூடிப்போச்சுன்னு என்னைய எறக்கி விட்றாதீங்க.”