பல்லோடு பிறந்த பிள்ளையும் பதறிப்போன தாய்மாமனும்

இது நடக்கும் என்று நான் அன்றே சொன்னேன்! கத்திவாக்கத்தில் ஒருநாள் பந்தல் போடுவார்கள், பந்தலுக்குப் பல் மருத்துவர் வருவார், அவருக்கு முன்னால் பேசத் தண்டபாணியைத்தான் கூப்பிடுவார்கள் என்று, இந்தப் பந்தல்காரர் பிறப்பதற்கு முன்பே சொன்னவன் நான். சொன்னேனா, இல்லையா? யாரது பின்னால்? “சொன்ன மாமு, சொன்ன!” என்கிறார். சாட்சி கிடைத்துவிட்டது. இனித் தயக்கமில்லை.

இந்த மேடையிலுள்ள ஒரே நல்ல நாற்காலியை நிறைத்து வீற்றிருக்கும் ஊர் நலச் சங்கத் தலைவர் சாலமன் அவர்களே! பல்லைக் காட்டிப் பிழைப்போர் பலர் உள்ள உலகில் பல்லைப் பார்த்துப் பரிவு காட்டும் டாக்டர் பெர்சிஸ் அம்மா அவர்களே! அலையையும் வலையையும் ஆண்டு முடித்த பெரியோர்களே! மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு என் பேச்சைச் சுமக்க வந்திருக்கும் தாய்மார்களே! பிரியாணி உண்டா என்று கேட்டுக்கொண்டே நுழைந்த இளைஞர்களே! இல்லை. உட்காருங்கள். உங்கள் அனைவருக்கும் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டி ஓய்வுபெற்ற தண்டபாணியின் வணக்கம்.

பல்லில் வரும் கோளாறுகளைப் பற்றிப் பேசச் சொன்னார் டாக்டரம்மா. நான் எட்டாம் வகுப்பை இருமுறை படித்தவன். ஒருமுறை படித்தவரைவிட எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் பல்லைப் பற்றிய பாடம் இருந்த பக்கத்தை எவனோ கிழித்துவிட்டான். ஆகவே கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

கோளாறு பிறப்பிலும் வரும், பிழைப்பிலும் வரும். முதல் வரிசைத் தாய்மார்களே, கொஞ்சம் சிரியுங்கள். தெரிகிறதா, முன்பல்லின் நுனியில் ஒரு வெட்டு? வெட்டியது எது? வாளா? வேலா? வலை சரிபார்க்கும்போது கத்தரியைத் தேட நேரமில்லாமல் நைலான் நூலைக் கடித்தீர்கள். கடித்துக் கடித்து நீங்கள் நூலை அறுத்தீர்கள், நூல் உங்கள் பல்லை அறுத்தது. “கத்திரி வாங்கித் தர்றியா நைனா?” என்கிறார் ஓர் அம்மா. தலைவர் வாங்கித் தருவார். தலைவர் தலையாட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செங்கல் தூளால் தேய்த்தே பல்லைப் பாதியாக்கியவர்கள் இங்கே உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் தேய்த்த தூளைச் சேர்த்திருந்தால் திருவொற்றியூரில் ஒரு வீடு கட்டியிருக்கலாம். மாடி வைத்து.

அது பிழைப்பில் வந்தது. பிறப்பில் வருவது? சிலருக்கு ஒரு பல் முளைக்கவே முளைக்காது. சிலருக்கு இரண்டு பல் ஒட்டி ஒன்றாய் நிற்கும். துறைமுகத்தில் என்னோடு வேலை செய்த ஒருவருக்கு முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஆப்பு அடித்ததுபோல் ஒரு கூடுதல் பல். அவர் சீட்டி அடித்தால் கப்பல் நிற்கும். ஒரு கப்பல் நின்றது, கேப்டன் இறங்கி வந்து என்னவென்று விசாரித்தார். சிரிக்காதீர்கள், விசாரித்தார்!

சிலரோ பல்லோடே பிறப்பார்கள். அங்கேதான் என் வீட்டுக் கதை.

என் அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பிரகாஷ், விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். இளையவள் குணசுந்தரி. அக்கா காலமாகிவிட்டாள். இருவருக்கும் தாய்மாமன் நான். இந்த ஆண்டு மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிற நேரத்தில் குணசுந்தரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. வாயைத் திறந்து அழுதது. கீழ் ஈறில், அரிசி மணிபோல, ஒரு பல்!

மகிழ்ந்தார்களா? மாலை போட்டார்களா? பல்லோடு பிள்ளை பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று யாரோ சொல்ல, தெருவே நடுங்கியது. அந்தக் குழந்தைக்குத் தாய்மாமன் யார்? பிரகாஷ். அவன் போகவேண்டியது எங்கே? கடலுக்கு. படகு ஓட்டும் செல்வம் வாசலுக்கே வந்துவிட்டார். “இந்த தபா நீ வராத பிரகாசு. உனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா போட்டுல கீற மத்தவன் கதி இன்னா?”

அத்தனை பெரிய கடல், அத்தனை பெரிய படகு, ஓர் அரிசிப் பல்லுக்குப் பயந்து நின்றன.

நான் போனபோது பிரகாஷின் மனைவி மோகனப்ரியா வலை நைலான் நூலில் சுருக்கு முடிச்சுப் போட்டுக் கையில் வைத்திருந்தாள். பல்லில் மாட்டி இழுத்துவிடத் திட்டம். குணசுந்தரி பிள்ளையை மார்போடு அணைத்துச் சுவரோரம் ஒடுங்கி நின்றாள்.

“என் கொயந்த வாயில கை வெச்ச, மருவாத கெட்டுடும் பிரியா!”

“உனுக்கு பல்லு பெர்சா, உங்கண்ணன் பெர்சா? என் தாலிய நெனச்சியா நீ?”

“பால் குடிக்கவே பேஜாரா கீது. இதுல நூல மாட்டி இழுக்கப் போறாளாம்!”

பிரகாஷ்? புயலிலும் சிரிக்கிற பிரகாஷ், மூலையில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருவரில் யார் பேசியதும் தவறா? ஒருத்திக்கு மகள். ஒருத்திக்குக் கணவன். தவறு பயத்தில் இருந்தது.

எல்லோரையும் ஆட்டோவில் ஏற்றி டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் குழந்தையின் வாயில் விரலை வைத்துப் பார்த்தார். “இது கூடுதல் பல் இல்லை. பின்னால் வரவேண்டிய பால் பல்தான், அவசரப்பட்டு முன்னால் வந்துவிட்டது. ஆடியிருந்தால் மூச்சுக்குழாயில் போய்விடுமோ என்று நானே எடுத்திருப்பேன். இது ஆடவில்லை. பிடுங்கினால் பல வருடத்துக்கு அந்த இடம் காலியாகத்தான் கிடக்கும்” என்றார். நாக்கைக் கிழிக்காதபடி நுனியை மழமழவென்று தேய்த்துவிட்டார். குழந்தை அங்கேயே பால் குடித்தது. நான் சொல்லவிருந்ததை அவர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

அறிவு பேசியது. அச்சம் கேட்டதா? மருத்துவமனைப் படியில் இறங்கியதும் மோகனப்ரியா கேட்டாள். “டாக்டரம்மாவோட அண்ணன் போட்டுல போறாரா மாமா? என் புருசன் இல்ல போறாரு!” நூல் இன்னும் அவள் விரலில் சுற்றியிருந்தது.

அப்போது நான் வாயைத் திறந்தேன்.

“டேய் பிரகாசு! நீயே பல்லோட பொறந்தவன்டா. உங்கம்மா, யாராண்டயும் சொல்லாதன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிகினா. உனுக்குத் தாய்மாமன் யாரு? நான். எனுக்கு இன்னா ஆச்சு? நல்லா பாரு!”

“மெய்யாலுமா மாமா?” என்றாள் மோகனப்ரியா. செவுளைத் தூக்கி மீனைப் பார்ப்பதுபோல் என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். கெட்டுப்போகவில்லை என்று தெரிந்ததும் நூலைச் சாக்கடையில் எறிந்தாள். செல்வமும், “உங்க மாமனே குத்துக்கல்லாட்டம் கீறாரு, ஏறு” என்றார். பிரகாஷ் போனான். திரும்பி வந்தான். மீன் ஒன்றும் பிரமாதமில்லை. ஆள் முழுசாக வந்தான்.

தாய்மார்களே! கதை இங்கே முடிந்திருந்தால் நான் மாலை வாங்கிக்கொண்டு போயிருப்பேன். முடியவில்லை. எர்ணாவூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அதோ, தூணருகே. அவர்கள் வீட்டிலும் பல்லோடு ஒரு பிள்ளை. டாக்டரம்மா காலையிலேயே பார்த்துவிட்டார், பிடுங்க வேண்டாமாம். ஆனாலும் என்னிடம் வந்து, “பிரகாசு பொறந்த கதைய உங்க வாயால சொல்லுங்க, அப்பத்தான் நாங்க நம்புவோம்” என்கிறார்கள்.

என்ன சொல்வேன்? பொய்யில் கட்டிய தைரியம் எத்தனை வீட்டுக்குத் தாங்கும்? நாளை ஒருவன் அதைக் கண்டுபிடித்தால், அந்த வீட்டில் மறுபடியும் நூலை எடுக்கமாட்டார்களா?

எர்ணாவூர்க்காரர்களே, என்னைப் பார்க்காதீர்கள், மூன்றாம் வரிசையைப் பாருங்கள். அந்த மடியிலிருக்கும் பிள்ளை பல்லோடு பிறந்தது, அது உண்மை. மடியில் வைத்திருப்பவன் அதன் தாய்மாமன், அது உண்மை. இந்தப் பருவம் முழுக்கக் கடலுக்குப் போய்வருகிறான், அது உண்மை! கடல் யாருடைய வாயையும் திறந்து பார்ப்பதில்லை. அது காற்றைக் கேட்கும், படகைக் கேட்கும், ஓட்டுகிறவன் கையைக் கேட்கும். பச்சைப் பிள்ளையின் பல்லை அது ஏன் கேட்கப்போகிறது?

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், சிரித்துக் கேட்ட தாய்மார்க்கும், கத்தரிக்கோல் தரவிருக்கும் தலைவருக்கும் என் நன்றியும் வணக்கமும். இறங்குமுன் ஒரே ஒரு சொல்.

பிரகாசு, நீ பிறந்த அன்று உன்னைக் கையில் வாங்கியவன் நான். உன் வாயில் பல் இல்லை. அதை நான்தான் அந்தப் படியில் நின்று முளைக்கவைத்தேன்.

எழுந்துவிட்டான். “இன்னா மாமா சொல்ற? இத நம்பியா நான் கடலுக்குப் போனேன்?” என்கிறான்.

உன்னைப் போகவைத்ததுதான்டா என் பொய். திரும்பி வந்தது நீ. உட்கார், பிள்ளை முழித்துக்கொள்ளப் போகிறது.