குளவி வாசலை அடைத்தவன் பேசுகிறேன்

அவைக்கு அணியாக வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, அருகில் அமர்ந்து என் நேரத்தைக் கடிகாரத்தில் அளந்துகொண்டிருக்கும் செயலாளர் அவர்களே, அகவையிலும் அறிவிலும் மூத்த பெரியோர்களே, வீட்டைக் கட்டிக்காக்கும் தாய்மார்களே, கடையை இழுத்துச் சாத்திவிட்டு வந்திருக்கும் வணிகத் தோழர்களே, வணக்கம்.

வணிகம் வளரும் வழி பற்றிப் பேசச் சொன்னார்கள். எழுதிய தாள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். பத்து நாளாக என் நெஞ்சு நடுங்குகிறது. அதைப் பேச விடுங்கள்.

நான் யார்? ஆணி விற்று ஆளானவன். குழாயில் ஓட்டையா, என்னிடம் வா. கூரையில் ஓட்டையா, என்னிடம் வா. சுவரில் ஓட்டையா, என்னிடம் வா. உலகில் அடைக்க முடியாத ஓட்டை இரண்டுதான், ஒன்று வயிறு, இன்னொன்று வாய் என்று கல்லாவில் உட்கார்ந்து கதை அளந்தவன்.

அப்படிப்பட்டவன் வீட்டு வெளிச்சுவரில், கூரையோரத்தில், சுண்டுவிரல் நுழையும் ஒரு துளை. குளவிகள் போவதும் வருவதுமாக இருந்தன.

"என்னங்க, பூச்சி மருந்து அடிக்கிறவரைக் கூப்பிடுங்க" என்றாள் என் மனைவி.

"கொல்லன் தெருவுக்கு ஊசி விக்க ஆள் கூப்பிடுறியா? பல்லு விளக்குற நேரத்துல அடைச்சிடறேன்."

மழை தூறிய காலை. குளவி ஒன்றையும் காணோம். ஏணி போட்டேன், ஓட்டை அடைக்கும் பசையைப் பிதுக்கினேன், விரலால் வழித்தேன். அடைத்த இடமே தெரியவில்லை. அவ்வளவு அழகு, அவ்வளவு அகந்தை.

மறுநாள் அவள் சொன்னாள்: "படுக்கையறை சீலிங்ல யாரோ காகிதம் கசக்குற மாதிரி சத்தம் வருது."

"எலியா இருக்கும். உன் சமையலைத் தேடி வந்திருக்கும்."

"எலியாவது வருதே. நீங்கதான் கடையை விட்டு வர்றதே இல்லை."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். மூன்றாம் நாள் நண்பகல், சீலிங்கில் ஓரிடம் ஈரம் பட்டதுபோல் உப்பியிருந்தது. துடைப்பக் காம்பால் மெல்லத் தொட்டாள். தொட்டாள், அவ்வளவுதான். சீலிங் அட்டை முழுவதையும் உள்ளிருந்தே அரித்துத் தின்று, வெறும் வண்ணப்பூச்சு மட்டுமே மிச்சம் வைத்திருந்தன. கொட்டியது கூரையா? இல்லை. கொட்டியது குளவி. கையில், கழுத்தில், உதட்டில், பதினொரு இடத்தில். நான் ஓடி வந்தபோது பேச வாயெடுத்தாள். வாய் திறந்தது, மூச்சு வரவில்லை.

"இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார் மருத்துவர்.

இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்கிறீர்களா, ஐயா? முன்வரிசையில் என்னை முறைத்துக்கொண்டிருக்கிறாளே, அவள்தான்.

பூச்சி மருந்துக்காரர் வந்து, சீலிங்குக்கு மேலே பூசணி பருமனில் இருந்த கூட்டைக் காட்டினார். "வாசலை அடைச்ச புத்திசாலி யாருங்க? வெளியே வழியில்லைன்னா அதுங்க உள்ளே வழி பண்ணும். மெல்லுறதுதானே அதுங்க பொழைப்பே."

அது ஓர் அடி. அடுத்த அடி, மறுநாள் கடையில் விழுந்தது. அலமாரியில் அதே பசை. "குளவிப் பொந்துக்கு இது போதுமா அண்ணே?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "தாராளமா" என்று எடுத்துக்கொடுத்த கை இந்தக் கை. எத்தனை வீடு? எந்தெந்த அறை? முகம்கூட நினைவில்லையே.

அதனால் கேட்கிறேன். என்னிடம் வாங்கிக் குளவித் துளையை அடைத்தவர்கள் கையைத் தூக்குங்கள். வெட்கப்படாதீர்கள், வெட்கம் என்னுடையது.

யாரும் இல்லையா? நல்லது. இல்லை, அதோ ஒரு கை.

தையல்கடை அக்கா, எப்போது அடைத்தீர்கள்? முந்தாநாளா? எந்த அறை? பிள்ளை தூங்கும் அறையா? சத்தம் கேட்கிறதா? காகிதம் கசக்குவதுபோலவா?

அக்கா, உட்காராதீர்கள். வீட்டுக்காரருக்குப் போன் போடுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரச் சொல்லுங்கள். அறைக்கதவைச் சாத்திக் கீழிடுக்கில் துணி திணிக்கட்டும். சீலிங்கைத் தொடக்கூடாது, பசையையும் பிடுங்கக்கூடாது. மற்றதை, கடைசி வரிசையில் இருக்கும் அந்தப் பூச்சி மருந்துக்காரர் பார்த்துக்கொள்வார். இதற்காகத்தான் அவரைக் கையோடு கூட்டிவந்தேன்.

தலைவர் அவர்களே, மணி அடிக்க வேண்டாம், நானே இறங்குகிறேன். நின்று நன்றி சொல்ல நேரமில்லை, நடந்துகொண்டே சொல்கிறேன். என் வண்டி வெளியே நிற்கிறது. வாசலை அடைத்து நிற்கும் அன்பர்களே, வழிவிடுங்கள். வணக்கம்.