ஏழாவது வெடி

— படியை விட்டு எந்திரிட்டி பேராச்சி. கம்பியும் கூடையுமா நாலு ஆம்பளையாளு காத்துக்கிட்டு நிக்கானுவ. நீ என்ன கிணத்துக்குக் காவலா?

— எந்திரிக்க மாட்டேன் அண்ணாச்சி. ஏழு குழியில மருந்து வச்சீரு. ஆறுதான் வெடிச்சிது. ஒண்ணு உள்ள கிடக்கு.

— ஏழும் வெடிச்சிட்டு. ‘வெடி தீந்துட்டு, இறங்கலாம்’னு மூணு தரம் கூவியாச்சு. இந்தக் குத்தாலிங்கம் கூவினா கூவினதுதான். கல்லு சுமக்க வந்தவ எனக்கு எண்ணிக்கை சொல்லிக் குடுக்காதே.

— கூவத் தெரியும் உமக்கு. எண்ணத்தான் தெரியாது.

— வாய அடக்கு. பதினெட்டு வருசமா வெடி வைக்கேன். கீழப்பாவூர்ப் பக்கம் போயி கேளு, என் மருந்து வெடிக்காத கிணறு எதுன்னு. லைசென்சு என் பேர்ல இருக்கு, உன் பேர்ல இல்ல.

— கீழப்பாவூர்ல மலை உண்டா? அங்கன ஒரு வெடி வெடிச்சா ஒரு சத்தம், அதோட சரி. இங்கன அப்படியா? குத்தாலத்து மலை தலைமாட்டுல நிக்கு. நாம ஒண்ணு போட்டா அதுவும் ஒண்ணு திருப்பிப் போடும். நீரு கடைசியா எண்ணினது கிணத்துச் சத்தமில்ல, மலைச் சத்தம்.

— மருந்துச் சத்தம் எது, மலைச் சத்தம் எதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்?

— தெரிஞ்சிருந்தா எங்க வீட்டுக்காரரு இன்னைக்கு உசுரோட இருப்பாவ.

— அதான பாத்தேன்! எங்க சுத்தினாலும் அங்கனதான் வந்து நிப்பே. மத்தளம்பாறைக் கிணத்துக் கதை முடிஞ்சு ஒரு வருசம் ஆச்சு. உன் புருசன் சொரிமுத்து குடிச்சிட்டு வந்தான். நான் கூவுததுக்கு முன்னால தானா இறங்கினான், செத்தான். கேசு எழுதி மூடியாச்சு.

— எழுதினது போலீசு. சொன்னது நீரு.

— நடந்ததைச் சொன்னேன். ரெண்டு வாரமா ஊமை மாதிரி கல்லு சுமந்தியே, அப்பமே நினைச்சேன். இவ கூலிக்கு வந்தவ இல்ல, என் குடியக் கெடுக்க வந்தவன்னு.

— உம்ம குடியக் கெடுக்க நான் எதுக்கு வரணும்? என் குடியத்தான் நீரு கெடுத்தாச்சே.

— ஏட்டி, பொம்பளைன்னு பாக்குதேன். இல்லைன்னா முடியப் பிடிச்சு இழுத்துத் தூரப் போட்டுட்டுப் போயிருவேன்.

— இழுத்துப் பாரும். அந்தா வரப்பு மேல குடையப் பிடிச்சுக்கிட்டு மொதலாளி வாராவ. அவிய முன்னாலயே இழும்.

— என்னவே குத்தாலிங்கம், இங்கன என்ன கூத்து? வெடி வெடிச்சு அரை மணி நேரம் ஆகுது, ஒருத்தனும் இறங்கல்ல. அடுத்த மாசம் பம்புசெட்டுக்குக் கரண்டு குடுத்துருவோம்னு கரண்டு ஆபீசுக்காரன் சொல்லியிருக்கான். தண்ணி இல்லாத கிணத்துல மோட்டார வச்சு நான் மாலை போட்டுக் கும்பிடவா?

— நல்லா கேளுங்க வல்லிநாயகம் மொதலாளி. உங்க கிணறு, உங்க வேலை. இவ படியில குந்திக்கிட்டு வழிய மறிக்கா.

— ஏளா பேராச்சி, எதுக்கு மறிக்கே?

— ஒரு குழி வெடிக்கல்ல மொதலாளி. விடியக்காலம் பிடிச்சு சாரல் அடிக்கு. திரி நனைஞ்சு போயிருக்கும். இப்பம் ஒருத்தன் இறங்கி அது மேல கம்பிய ஊனினா, அவனைத் துண்டு துண்டா பொறுக்கிக் கூடையில நான்தான் மேல ஏத்தணும். எனக்கு அது பழக்கம். எங்க வீட்டுக்காரரை அப்படித்தான் ஏத்தினேன்.

— அய்யய்ய, என்ன பேச்சு பேசுதா பாரு. ஏன்வே, நீரு ஏழுங்கீரு, இவ ஆறுங்கா. நான் யாரை நம்ப?

— பதினெட்டு வருசம் மொதலாளி! இவ பேச்சுக்கு என்னைக் கேக்குதியளே.

— உம்ம வருசத்தை நான் கேக்கல்ல. சந்தேகம்னா என்ன செய்யணும், அதைச் சொல்லும்.

— சந்தேகம்னா அன்னைக்கு யாரும் இறங்கப்பிடாது. மறுநா, தண்ணிய ஊத்தி ஊறப்போட்டு, மெதுவாத்தான் பாக்கணும். ஆனா எனக்குத்தான் சந்தேகமே இல்லியே!

— நாளைக்கா? சட்டுபுட்டுன்னு சோலிய முடியும்வே. சீசன் மழை வலுத்துட்டுன்னா கிணறே வாய்க்காலாயிரும்.

— நாள் ஒண்ணும் கெட வேண்டாம் மொதலாளி. வெடிகாரங்களுக்கு ஒரு வழக்கம் உண்டுல்லா? ஒரு ஆளு சந்தேகம்னு சொல்லிட்டா, திரி கொளுத்தினவன்தான் முதல்ல இறங்கிப் பாக்கணும். அவன் கீழ நின்னு கூப்பிட்டாத்தான் மத்த ஆளு இறங்கணும். நான் சந்தேகம்னு சொல்லுதேன். கொளுத்தினது யாரு?

— அது சரியான பேச்சு. நீரு இறங்கிப் பாரும்வே. பாத்துட்டு ஒரு சத்தம் குடும். சோலி முடிஞ்சுது.

— நான் எதுக்கு மொதலாளி? எனக்கு முட்டுவலி. படியெல்லாம் சாரல்ல பாசி பிடிச்ச மாதிரி வழுக்கு. முப்பிடாதி இறங்குவான். ஏலே முப்பிடாதி, என்னலே பாத்துக்கிட்டு நிக்கே? இறங்குலே!

— முப்பிடாதி, அங்கனயே நில்லு. உன் பொஞ்சாதிக்கு இது ஏழாம் மாசம், ஞாபகம் வச்சுக்கோ. ஏன் அண்ணாச்சி, திரியக் கொளுத்திட்டு இதே படியில ஏறி ஓடியாரும்போது முட்டு வலிக்கல்லியா?

— அதானவே! வெள்ளாட்டுக்குட்டி மாதிரி தாவி ஏறினீரு, நான் வரப்புல நின்னு பாத்தேனே.

— மொதலாளி, இவ பேச்சைக் கேட்டு ஆடாதிய. எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. கூலிக்காரி சொல்லி நான் இறங்கினா, நாளைக்கு எவன் என்னை மதிப்பான்?

— இறங்கல்லைன்னா எவன் மதிப்பான்னு யோசியும். இப்பம் நீரு இறங்குதீரா, இல்ல நான் செங்கோட்டைக்கு ஆளனுப்பி வேற வெடிகாரனைக் கூட்டியாரவா? தென்காசிச் சந்தையில நாலு பேரு கேட்டா, குத்தாலிங்கம் தான் வச்ச வெடிக்குத் தானே பயந்தவன்னு சொல்லுதேன்.

— யாரு பயந்தா? இறங்குதேன்! விலகுட்டி!

— இந்தா, விலகிட்டேன். இறங்கும்.

— போறேன்லா.

— ஒத்தப் படியில நிக்கீரு அண்ணாச்சி. இன்னும் பதினாறு கிடக்கு.

— தெரியும்.

— சுவத்தை ஏன் விடாம பிடிச்சிருக்கீரு?

— வழுக்குதுட்டி. சாரல் அடிக்குல்லா.

— ஈசான மூலையப் பாத்தீரா? மத்த இடமெல்லாம் பாறை சிதறிக் கிடக்கு. அங்கன மட்டும் ஒரு பாறை பிளக்காம நிக்கு. அந்தக் குழியில மருந்த நீருதான் இடிச்சு இறுக்கினீரு. அதுக்குப் பக்கத்துல பாத்துக் கால வையும்.

— சும்மா இருட்டி!

— எங்க வீட்டுக்காரரும் ஓரமாத்தான் கால வச்சாவ.

— மொதலாளி, வேண்டாம். இன்னைக்கு வேண்டாம். நாளைக்குப் பாப்போம்.

— ஏன்வே ஏறி வாரீரு? ஏழும் வெடிச்சிட்டுன்னீரே!

— ஆறு வரைக்கும் தெளிவா கேட்டேன். அதுக்கப்பறம் குடுகுடுன்னு உருண்டுது. அதுல ஏழாவது இருந்துதா, இல்ல வெறும் மலைதானா… எனக்குத் தெரியல்ல மொதலாளி.

— தெரியாமத்தான் நாலு பேரை இறங்கச் சொன்னீரா? பாவி, நீரெல்லாம் மனுசனாவே? பிள்ளகுட்டிக்காரனுவவே அவனுவ!

— மொதலாளி, கொஞ்சம் பொறுங்க. நான் கேக்கணும். அண்ணாச்சி, மத்தளம்பாறையில எத்தனை குழி?

— அது எதுக்கு இப்பம்?

— எத்தனை குழின்னு கேட்டேன்.

— ஒம்பது.

— எத்தனை கேட்டீரு?

— எட்டு. அப்பறம் உருட்டல்.

— எங்க வீட்டுக்காரரு என்ன சொன்னாவ?

— விடுட்டி.

— சொல்லும்வே. நானும் கேக்குதேன். சொல்லாம இந்த இடத்தை விட்டு நகர விட மாட்டேன்.

— ‘அண்ணாச்சி, நான் இந்த மலையடியில பிறந்தவன். கடைசியில கேட்டது மலை. நாளைக்கு இறங்குவோம்’னான்.

— அதுக்கு நீரு?

— ‘பயமா இருந்தா பேராச்சி சேலையக் கட்டிக்கிட்டு வீட்டுல கிடலே’ன்னேன். எல்லாரும் சிரிச்சானுவ. அந்த ரோசத்துல இறங்கினான்.

— குடிச்சிருந்தாவளா?

— இல்ல.

— சத்தமா சொல்லும். மேல நிக்கவனுவளுக்குக் கேக்கல்ல.

— குடிக்கல்ல! சொரிமுத்து குடிக்கல்ல! தானா இறங்கல்ல, நான்தான் இறங்கச் சொன்னேன்! லைசென்சு போயிருமேன்னு பயந்து போலீசுல மாத்திச் சொன்னேன். போதுமாட்டி? மனசு ஆறிட்டா?

— ஆறல்ல. ஒரு வருசமா தண்ணிக்குப் போனா குடிகாரன் பொண்டாட்டி, கோயிலுக்குப் போனா குடிகாரன் பொண்டாட்டி. சாராய வாசனையே ஆகாது அவியளுக்கு. பக்கத்துல குடிச்சவன் வந்து உக்காந்தா எந்திரிச்சு வெளிய போயிருவாவ. அவியளைப் போயி அப்படிச் சொன்னீரே, உம்ம நாக்கு அழுகாதா?

— அழாதளா. நான் கேட்டேன், இந்த நாலு பேரும் கேட்டானுவ. நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு நானே வந்து சாட்சி சொல்லுதேன். வே, நீரும் வாரீரு. வரல்லைன்னா ஆளு வச்சுத் தூக்கிட்டுப் போவேன்.

— எனக்கு அது போதும் மொதலாளி.

— சரி, ஏலே, எல்லாரும் வீட்டுக்குப் போங்க. இன்னைக்கு வேலை கிடையாது. ஒருத்தனும் கிணத்துப் பக்கம் வரப்பிடாது.

— எதுக்கு மொதலாளி போவணும்? முப்பிடாதி, அந்தக் கூடைய இங்கன குடு. முதல்ல நான் இறங்குதேன்.

— உனக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டா? வெடிக்காத குழி ஒண்ணு உள்ள கிடக்குன்னு நீதான சொன்னே!

— பொய் சொன்னேன் மொதலாளி. அந்த மூலைப் பாறை அடியில விரிசல் விட்டுத்தான் நிக்கு. மலைச் சத்தம் காதுக்குத்தான் வரும், கல்லுக்கு வராது. வெடிக்கும்போது நான் பாறையில உள்ளங்கைய வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன், ஏழு தரம் இடிச்சிது.