முருகவேலின் குதிகால்

மலைப் பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது எனக்குக் குமட்டும். அதனால் கள்ளக்குறிச்சியிலேயே முன் இருக்கையைப் பிடித்துக்கொள்வேன். முருகவேலுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அவன் என் இரட்டைத் தம்பி. ஒரே கரு, ஒரே முகம். நான் சென்னைக்குப் போய் ஆராய்ச்சியாளன் ஆனேன். அவன் கல்வராயன் மலையிலேயே சாமை விதைத்துக்கொண்டிருந்தான்.

போன வருஷம் குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளியைக் காட்டினான். "முள்ளு ஏறிக்கினு கீதுன்னு நெனச்சேண்ணா," என்றான். சோதித்துப் பார்த்தேன். தோல் புற்றுநோய்.

என் ஆராய்ச்சியே அதுதான். நம் செல்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ என்ற மிகச் சிறிய இழைகள் உண்டு. எந்த ஜீன் வேலை செய்யலாம், எது அடங்கியிருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்பவை. அவற்றில் சில கூடி, சில குறையும்போது புற்றுக்குக் கடிவாளம் அறுந்துபோகிறது. அது எந்த வரிசையில் நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால், ஒரே கட்டியை வளரவிட்டுப் பார்க்க வேண்டும். மற்ற நோயாளிகளுக்கு உடனே அறுவை செய்துவிடுகிறார்கள்.

சாதாரணப் புண் என்று அவனிடம் சொன்னேன். மாதந்தோறும் வந்து வைட்டமின் ஊசி போட்டேன். கெட்ட சதையை எடுக்கிறேன் என்று சொல்லிக் கட்டியிலிருந்து ஒவ்வொரு துண்டாக வெட்டி எடுத்தேன். மரத்துப்போகும் மருந்து என் அளவுகளைக் குழப்பிவிடக்கூடும் என்பதால் அதைப் போடவில்லை. காலைக் கட்டிலோடு கட்டி, வாயில் துணியை வைத்துவிடுவேன். முடிந்ததும் அவன் தன் மனைவி சந்திரலேகாவைக் கூப்பிட்டு, "அண்ணனுக்குச் சோறு போடு," என்பான். நல்ல பையன்.

ஆவணியில் அவள் ஊசிக் குப்பியை எடுத்துப்போய் மருந்துக் கடையில் காட்டியிருக்கிறாள்.

"இது வெறும் சத்து ஊசியாம் மாமா. காலு அழுவிக்கினு போவுது, நீங்க இன்னா பண்றீங்க? நாளைக்கி பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன். காலை எடுத்தாலும் ஆளு மிஞ்சட்டும்."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் அவனுக்குத் தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. புற்று பரவிய இடத்தில் அந்த இழைகள் எப்படி மாறியிருக்கின்றன என்பது மட்டுமே எனக்குத் தெரியவேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் அது என் கைக்கு வராது. மண்வெட்டியை எடுத்து அவள் தலையில் அடித்தேன். இரண்டாவது அடியில் விழுந்தாள்.

"ண்ணா, அவள வுட்டுடு. உனக்கு இன்னா வேணுமோ எடுத்துக்க," என்று முருகவேல் முழங்கையை ஊன்றித் தவழ்ந்து வந்தான்.

அவன் சம்மதித்தான் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் மார்பில் முழங்காலை ஊன்றிக்கொண்டு தொடையிடுக்கில் அறுத்தேன். அந்த இடத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அவன் துள்ளியதால் கத்தி அதில் பட்டுவிட்டது. ரத்தம் சுவர்வரை பீய்ச்சியது. நெறியை ஐஸ் பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டுத் திரும்பியபோது அவன் அடங்கியிருந்தான். சந்திரலேகா பிழைத்துக்கொண்டாள், அவள் சொல்லித்தான் நீங்கள் வந்தீர்கள்.

என் குதிகாலில் உள்ள தழும்புகளைப் பற்றி இன்ஸ்பெக்டர் கேட்டார். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத தோலும் வேண்டும். அவனுடைய அதே மரபணு என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அவனுக்கு வெட்டும்போதெல்லாம் எனக்கும் வெட்டிக்கொண்டேன். அவனைத் தனியாகத் துன்பப்பட நான் விடவில்லை.

"அப்ப நீயும் வாயில துணிய வெச்சிக்கினியா?" என்றார்.

இல்லை. நான் மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டேன். எனக்கு வலி தாங்காது.