ஓசிப் பாக்கெட்

எனக்குச் சிகரெட் வாடையே ஆகாது, மேடம். நூலகப் புத்தகத்தைக்கூட நாள் தவறித் திருப்பிக் கொடுத்தவன் இல்லை இந்த முத்துசாமி. என் பையில் இருந்த நான்கு பாக்கெட்டுக்கும் வரி கட்டவில்லை என்கிறீர்கள். சுங்கத்துறைக்காரர் நீங்கள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் காசை மிச்சம் பிடிக்க வாங்கினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். எனக்கு அது அவமானம்.

எல்லாம் என் அண்ணன் கோவிந்தசாமிக்கு. தோ பாயோ வட்டாரத்து அடுக்குமாடி வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. ஒருவர் கண்ணை மூடினால் மற்றவருக்கு. இருபத்தாறு வருஷமாக நான் கூட்டித் துடைத்த வீடு. அறுபத்தொரு வயதில் அவருக்குக் கல்யாண ஆசை வந்துவிட்டது, சுசீலா என்று ஒருத்தி. "வீட்ட வித்துடலாம் முத்து. நீ எங்கயாச்சும் ஒரு ரூம் பாத்துக்கோலா," என்றார், தோசையைப் பிய்த்துக்கொண்டே.

அவருக்கு இதயத்தில் அடைப்பு. இன்னும் ஊதினால் ஒரு வருஷம் தாங்காது என்று டாக்டர் சொல்லியும் அவர் விடவில்லை. அதனால் நானும் அவசரப்படவில்லை.

அப்புறம் வரியை ஏற்றினார்கள். பாக்கெட் பதினைந்து வெள்ளியைத் தாண்டியது. கோப்பிக்குப் பத்துக் காசு ஏறினாலே கடை மாற்றுகிற கஞ்சன் அவர். "இவ்ளோ குடுத்து யாருலா ஊதுவான்?" என்று அன்றே நிறுத்திவிட்டார். டாக்டரால் முடியாததை வரி செய்துவிட்டது, பாருங்கள். பதினோரு நாளில் இருமல் நின்றது, முகத்தில் களை வந்தது. சுசீலாவுக்குப் புடவை எடுக்கத் தேக்காக் கடைத்தெரு முழுக்க நடந்தார்.

பன்னிரண்டாம் நாள் தேக்காவில் ஒரு சந்துக்குள் ஆறு வெள்ளிக்கு ஒரு பாக்கெட் வாங்கி, அவருடைய தேநீருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"வேணாம்டா, விட்டுட்டேன்."

"கூட்டாளி குடுத்தது. ஓசிதாண்ணே."

ஓசி என்றால் அவருக்குக் கை தானாக நீளும். அன்றிலிருந்து தினம் ஒன்று. நான் வற்புறுத்தியதே இல்லை. பற்ற வைத்து மட்டும் கொடுப்பேன்.

போன மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பைபாஸ் செய்து பிழைக்க வைத்துவிட்டார்கள். சுசீலா ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பியதும், நான் அவரைச் சக்கர நாற்காலியில் வெளிவாசலுக்குத் தள்ளிக்கொண்டு போவேன். "நீ இல்லன்னா எனக்கு யாருடா," என்று என் கையைப் பிடித்துக்கொள்வார்.

ஆமாம், மேடம், அவர் சாகட்டும் என்றுதான் வாங்கிக் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அபராதத்தையும் கட்டிவிடுகிறேன். மணி ஆறாகப் போகிறது. ஒரு பாக்கெட்டை மட்டும் கொடுத்தால் போய்விட்டு வந்துவிடுவேன். பாவம், காத்துக்கொண்டிருப்பார். என்னை விட்டால் அவரைக் கவனிக்க யார் இருக்கிறார்கள்?