முதல் வரியில் ஒரு பிழை

பிழையே அறியாப் பேராசானே! கரும்பலகையைக் கண்ணெனக் காத்த கணக்கின் காவலரே! சுண்ணக்கட்டி ஏந்திய கையும் சுடுசொல் அறியா நாவுமாய், முப்பத்து மூன்று ஆண்டுகள் திண்டுக்கல் சீமைப் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்து, இன்று பணி நிறைவு காணும் பட்டதாரி ஆசிரியர் திரு. ஈஸ்வரன் ஐயா அவர்களே, வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பு தமிழாசிரியை ஜீவிதாவிடம் போனதால் இலக்கணத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் இனி உங்களைப் படர்க்கையில்தான் சொல்லப் போகிறோம். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பது ஆசிரியர் அறைக்கே தெரியும். வேறு யாரையோ பேசுகிறோம் என்று எண்ணிக்கொண்டு சற்று உட்கார்ந்திருங்கள் ஐயா.

அவையோரே, ஈஸ்வரன் ஐயாவின் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். பலகையை நடுவில் கோடு கிழித்துப் பிரிப்பார். முத்து முத்தாக எழுதுவார். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். முடிந்ததும் திரும்பி, "வெளங்குச்சா?" என்பார். "வெளங்கிருச்சு சார்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். அந்தக் குரல்தான் அவருடைய பெருமை. பக்கத்து வகுப்புக்காரர்களான எங்களுக்கு அது பொறாமை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் ஒரு செவ்வகப் பூந்தோட்டக் கணக்கு. நீளம் பன்னிரண்டு மீட்டர், அகலம் ஏழு. கேட்டது பரப்பளவு. ஐயா ஏதோ நினைப்பில் சுற்றளவைப் போட்டு, விடை முப்பத்தெட்டு என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடும் இழுத்துவிட்டார். அன்று காலைதான் அதே பிள்ளைகள் கூரை அதிர, பன்னிரண்டு ஏழு எண்பத்து நான்கு என்று வாய்ப்பாடு சொல்லியிருந்தார்கள். ஆனாலும் "வெளங்குச்சா?" என்றதற்கு வெளங்கிருச்சு என்றே பதில் வந்தது.

மாலையில் ஐயா நோட்டுத் திருத்த உட்கார்ந்தார். பதினோரு நோட்டுகளில் முப்பத்தெட்டுக்குச் சிவப்பு மையில் சரி போட்டும் விட்டார். பன்னிரண்டாவது நோட்டு புவனேஸ்வரியுடையது. அவள் வீட்டில் மல்லிகைத் தோட்டம். பாத்தி அளந்து பழகியவள். அதில் முதலில் எண்பத்து நான்கு என்று எழுதி, அதை அடித்துவிட்டு, பக்கத்தில் முப்பத்தெட்டு என்று எழுதியிருந்தது. ஐயாவின் பேனா அங்கே நின்றது.

மறுநாள் வகுப்பில் அவளிடம் கேட்டார். "சரியாத்தான போட்டிருந்த? ஏம்மா அடிச்ச?"

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நீங்க எழுதுனா சரியாத்தேன் இருக்கும்னு அடிச்சுட்டேன் சார்."

அன்று மதியம் ஐயா ஆசிரியர் அறையில் எங்களிடம் வந்து, "இருபத்தொம்பது வருசமா எம்புட்டுப் பேரு சரியானத அடிச்சாகளோ, தெரியலயே" என்றார். அந்தக் கேள்வி எங்களுக்கும்தான். நாங்களும் வெளங்குச்சா என்று கேட்டுப் பிழைப்பவர்கள்தானே.

அதன் பிறகு அந்தச் சொல் அவர் வகுப்பில் கேட்கவில்லை. தினமும் பலகையில் ஒரு பிழையை வேண்டுமென்றே விட்டு வைத்து, "எங்கய்யா தப்பு?" என்று கேட்கத் தொடங்கினார். கண்டுபிடிக்கும் பிள்ளைக்குச் சுண்ணக்கட்டி. எழுந்து வந்து திருத்தலாம். முதல் வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாத்தியாரைத் தப்பு என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? இரண்டாம் வாரம் புவனேஸ்வரி எழுந்தாள். மாதம் முடிவதற்குள் ஊசி விழுந்தால் கேட்ட வகுப்பு சந்தைக்கடை ஆனது. அந்த வகுப்பு மன்சூரின் அத்தா, தோல் வியாபாரம் பார்ப்பவர், தலைமையாசிரியை அறிவுச்செல்வியிடமே வந்துவிட்டார். "டீச்சர், அந்த சார் தெனமும் தப்புத் தப்பா எழுதுறாராம்ல? எம்மவன்தான் திருத்துறானாம்." சொன்னது புகார், முகத்தில் இருந்தது பெருமிதம்.

வாய்ப்பாட்டை மட்டும் ஐயா விடவில்லை. மனப்பாடம் ஒழிக என்று பேசிய எங்களிடம், "எண்பத்து நாலு வாயில இருந்ததுனாலதேன் அந்தப் புள்ள கையில வந்துச்சு. அத அடிக்க வச்சது வாய்ப்பாடு இல்ல, நான்" என்றார். தன் முறையில் எது பிள்ளையை வளர்த்தது, எது வாயை அடைத்தது என்று ஐம்பத்தாறு வயதில் பிரித்துப் பார்த்தவர் அவர். அவரோடு பணியாற்றினோம் என்பதே எங்கள் பெருமை.

இனி முன்னிலைக்கே திரும்புகிறோம் ஐயா. உடல் நலமும் உள நிறைவும் குன்றாமல், பேரப் பிள்ளைகள் உங்களைத் தினமும் திருத்தும்படி, நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும்.

அச்சான பிறகு, ஒன்றைக் கையால் எழுதிச் சேர்த்தாக வேண்டும். உங்களுக்கு மாலை கட்டப் பூ கொண்டு வந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவி புவனேஸ்வரி, அச்சடித்து வந்த இம்மடலை நேற்று வாசித்தாள். வாசித்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் பேனாவை எடுத்து, முதல் வரியில் "பிழையே அறியா" என்பதை அடித்து, மேலே "பிழையை மறைக்கா" என்று எழுதினாள். அச்சடித்துக் கண்ணாடிச் சட்டமும் போட்டுத் தரும் கடைக்காரர் புதிதாக அச்சடித்துத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். அடித்தல் திருத்தலோடு அப்படியே கண்ணாடி போட்டுத் தருகிறோம்.

இந்த முறை அவள் அடித்தது சரி ஐயா.

தம் பிழைகளையும் இனித் திருத்தக் கொடுக்கும்
உடன் பணியாற்றிய ஆசிரியர்கள், அலுவலர்கள்