வாய்க்குக் கச்சான்

...இல்ல தம்பி, சொந்தமா வேன் வச்சிருக்கிறவன் ஏன் பஸ்ஸுல போறான் எண்டு நீங்க கேக்கல்ல. ஆனா முகத்தில தெரியுது. கேளுங்க, கேட்டாத்தான் எனக்கும் சொல்ல லேசு. கொஞ்சம் கால ஒதுக்குங்க, நான் யன்னல் பக்கம் இருக்கிறன். இந்தப் பைய மடியில வைக்கணும். கச்சான். நிலக்கடலைதான், வீட்டில என்ட மனிசி பஹ்மியா வறுத்துக் கட்டித் தந்தது. எடுங்க, வெக்கப்படாதீங்க. நீங்களும் டவுனுக்குத்தானே டிக்கட் எடுத்தீங்க, நான் பாத்தனான். அவ்வளவு தூரமும் சும்மா இருக்க ஏலுமா?

வேன் வீட்டு வாசல்ல நிக்குது. பழுதொண்டுமில்ல. கிண்ணியாவில ஜமால்தீன்ட வேன் எண்டா ஆரைக் கேட்டாலும் காட்டுவாங்க. அந்த வேன்ல என்ட மகள் ஸஹ்ரா ஏறமாட்டாளாம். இண்டைக்கு டவுன் கிரவுண்ட்ல அவளுக்கு பேஸ்போல் மெட்ச். ஓம், பேஸ்போல். கிரிக்கெட் இல்ல. ஸ்கூல் டீமில அவளுக்கு இதுதான் கடைசி மெட்ச் தம்பி. இதுக்குப் பொறகு ஓ.எல். சோதனை, அதோட ரீச்சர் டீமில இருந்து எடுத்து விட்டிருவா. பொறகு எந்தக் காலத்தில இவள் அந்தக் கையுறையப் போடப் போறாள்? அப்பிடிப்பட்ட மெட்ச்சுக்கு டீம் பிள்ளைகள் எல்லாம் வெள்ளென மற்ற வேன்காரன் றஊப்ட வேன்ல போயிட்டுதுகள். றஊப்ட வேன்! பிரேக் பிடிச்சா பின் கதவு திறக்கிற வேன். பெத்த வாப்பாட வேன் வாசல்ல நிக்க, அதுல போகுதுகள்.

நான் என்ன செஞ்சனான்? போன மாசம் சீனன்குடாப் பக்கம் ஒரு மெட்ச். நாந்தான் கூட்டிட்டுப் போனன். இந்தா, இப்ப ஏறுறமே, இதே பாலத்தில வச்சுத்தான் புத்தி சொல்லத் தொடங்கினனான். பிள்ளைகளே, விளையாட்டெண்டா வெற்றியும் வரும் தோல்வியும் வரும், வெண்டா துள்ளப்படா, தோத்தா துவளப்படா, தோக்கப் பழகினவனுக்குத்தான் வெல்லத் தெரியும், அப்பிடியெல்லாம் சொன்னன். வடிவாத்தான் சொன்னன், எனக்கே கண் கலங்கிட்டு. பின்னால ஒரு சத்தமில்ல. நல்லாக் கேக்குதுகள் எண்டு நினைச்சன். இறங்கக்குள்ள பாத்தா எல்லாற்ற காதுக்குள்ளயும் வயர். பாட்டுக் கேட்டுட்டு வந்திருக்குதுகள்.

எடுங்க தம்பி, நீங்க எடுக்கிறீங்க இல்ல.

மெட்ச்சில எங்கட பிள்ளைகள் நல்லாத்தான் விளையாடினதுகள். தோத்ததுக்கு வேற காரணம். முதலாவது, கிரவுண்ட் சரியில்ல. ஒரு பக்கம் சரிவு. இத நான் வீட்டில சொன்னன். உடன பஹ்மியா சொல்லுறா, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம் எண்டு. ஆடினது நானா? ரெண்டாவது, வெயில். வெயில் ரெண்டு டீமுக்கும் ஒண்டுதானே எண்டு நீங்க நினைப்பீங்க. இல்ல. எங்கட பிள்ளைகளுக்குக் கண்ணுக்கு நேர அடிச்சது. மூண்டாவது, அம்பயர். அவர் நல்ல மனிசன்தான், ஆனா நான் போய்க் கேட்ட கேள்விக்கு ஒண்டுக்கும் பதில் சொல்லல்ல. நாலாவதா... அது ஒரு சத்தம். கூட்டத்துக்குள்ள ஆரோ ஒருத்தன் பிழையான நேரத்தில கத்திட்டான். விடுங்க.

என்ன, போன் அடிக்குதா? எடுத்துக் கதைங்க, நான் பொறுக்கிறன்... வெட்டிட்டீங்களா? நல்ல பழக்கம். ஒரு ஆள் கதைக்கக்குள்ள போன் கதைக்கிறது எனக்கும் பிடிக்காது.

எல்லே விளையாடியிருக்கிறீங்களா தம்பி? பாத்திருக்கிறீங்க. காணும், அது போதும். நான் அந்தக் காலத்தில கிண்ணியாவில எல்லேக்குப் பேர்போனவன், மூதூரில இருந்தெல்லாம் வந்து கேப்பாங்க. எல்லேயில பந்த அடிச்சுப்போட்டு ஓடுவான், அந்தப் பந்த எடுத்து ஓடுறவன்ட உடம்பில எறிஞ்சு அடிச்சா அவன் அவுட். ரென்னிஸ் பந்துதானே, நோகாது. ஸஹ்ரா நடக்கத் தொடங்கின நாள்ல இருந்து எங்கட வீட்டு வளவுக்குள்ள இதுதான் விளையாட்டு. நான் ஓடுவன். ‘ஆளுக்கு அடி!’ எண்டு கத்துவன். அவள் எறிவாள். முதுகில வந்து விழும். மாமரத்துக்குப் பின்னால ஒளிச்சாலும் விழும். அந்தக் கை அப்பிடி. அந்தக் கையப் பாத்துத்தானே ரீச்சர் டீமுக்கு எடுத்தவ.

ஆனா பேஸ்போல்ல ஆளுக்கு எறியிறல்ல. அந்தப் பந்து கல்லு மாதிரி. பந்த எடுத்தா கூட்டாளிக்கு எறியணும். அவள் பேஸில, ஓடுறவள் தொட வேண்டிய அந்தக் கட்டத்தில, கால வச்சுக்கொண்டு பிடிச்சா, ஓடி வாறவள் அவுட். அவ்வளவுதான் விசயம். ரீச்சர் எனக்கே மண்ணில கோடு கீறி விளக்கினவ. எனக்கு விளங்கினது. தலையாட்டினன்.

சீனன்குடா வந்திட்டு. அந்தா, அந்த வேலிக்கு அங்கால, அந்தப் பெரிய மரம் தெரியுதா? அந்த மரத்தடியிலதான் நான் நிண்டனான். கடைசிக் கட்டம் தம்பி. நாங்க ஒரு ஓட்டம் முன்னுக்கு. இன்னும் ஒருத்திய அவுட்டாக்கினா வெற்றி. அவங்கட ஆக்கள் ரெண்டு பேர் பேஸில நிக்கிறாங்க. மற்றவள் அடிச்சாள், பந்து உருண்டு நேர ஸஹ்ராட கைக்கு வந்திட்டு. கைக்கு! முதல் பேஸில ஸஹ்ராட கூட்டாளி லைலா கையுறைய நீட்டிட்டு நிக்கிறாள். எறிஞ்சாச் சரி. கண்ண மூடிட்டு எறிஞ்சாலும் சரி. அதுக்குள்ள மற்றப் பக்கத்தால அவங்கட கௌசிகா எண்ட பிள்ளை வீட்டுப் பேஸுக்கு ஓடுது, அதத் தொட்டா ஒரு ஓட்டம், ஸஹ்ராட கண்ணுக்கு முன்னால முதுகக் காட்டிட்டு ஓடுது. அந்த நேரம் பாத்து அந்தச் சத்தம்.

ஆர் கத்தினதெண்டா கேக்கிறீங்க?

நான் யன்னலப் பாத்துக்கொண்டே சொல்லுறன், குறை நினைக்காதீங்க. நாந்தான். ‘ஆளுக்கு அடி!’ எண்டு. புத்திக்குத் தெரியும் தம்பி, தொண்டைக்குத் தெரியாது. அவள் திரும்பி எறிஞ்சாள். கௌசிகாட முதுகில, சரி நடுவில. வளவுக்குள்ள எனக்கு விழுற அதே இடம். பந்து தெறிச்சு எங்கயோ போயிட்டு, அவங்கட ரெண்டு பேரும் வீட்டுப் பேஸுக்கு வந்திட்டாங்க. நாங்க தோத்தம்.

அந்தப் பிள்ளைக்கு ஒண்டுமில்ல, அல்லாட காவல். முதுகில கொஞ்சம் கண்டிச் சிவந்திட்டு. எல்லாருக்கும் முதல் ஓடிப்போய்த் தூக்கினது ஸஹ்ராதான். பொறகு ரெண்டு டீமும் வரிசையில நிண்டு கை குடுத்துதுகள். பொறகு ஐஸ்கிறீம். தோத்ததுகள் தம்பி, தோத்த பிள்ளைகள், வெண்டவளோட நிண்டு ஐஸ்கிறீம் குடிக்குதுகள், போன் நம்பர் மாத்துதுகள், சிரிக்குதுகள். எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு. நான் கை குடுக்கப் போகல்ல. வேனுக்குள்ள ஏறி, கண்ணாடிய உயத்திப்போட்டு இருந்தன். சுறுக்கா வரட்டும் எண்டு ஹோர்ன் அடிச்சன். என்ட ஹோர்ன் கொஞ்சம் பெரிசு. கௌசிகா ஐஸ்கிறீமக் கீழ போட்டுட்டாள்.

திரும்பி வரக்குள்ள நான் ஒரு புத்தியும் சொல்லல்ல. அந்தப் பாலத்தில வச்சு லைலா சொல்லுறாள், “ஜமால்தீன் மாமா, தோல்விதானே, பரவாயில்ல, நீங்க அழாதீங்க” எண்டு. நான் அழல்ல தம்பி. கண்ணாடி உயத்திக் கிடந்தது, வேனுக்குள்ள புழுக்கம்.

ஸஹ்ரா என்னை ஏசல்ல. ஏசியிருந்தா நானும் ரெண்டு சொல்லிப்போட்டு முடிச்சிருப்பன். சோறு போட்டுத் தருவாள், தேத்தண்ணி தருவாள், கதைக்கிறல்ல. வளவுக்குள்ள பந்து எறியிறதுமில்ல. அந்தப் பந்து மாமரத்தடியிலயே கிடக்கு. நான் எடுத்து வைக்கவுமில்ல. எங்கட வீட்டில சத்தமில்லாம இருந்தா எப்பிடியிருக்குமெண்டு எனக்கு இதுவரைக்கும் தெரியாது. இப்ப தெரியும்.

நேத்துத்தான் வாயத் திறந்தாள். “வாப்பா, நீங்க மெட்ச்சுக்கு வரப்படா.” ஏன் மகள் எண்டு கேட்டன். “ரீச்சர் கத்தினாலும் எனக்குக் கேக்கிறல்ல. லைலா கத்தினாலும் கேக்கிறல்ல. அண்டைக்கும் லைலா கத்தினவள்தான். எனக்கு உங்கட சத்தம் மட்டுந்தான் கேட்டிச்சு. பிழையெண்டு தெரியும், ஆனா நீங்க சொன்னா என்ட கை எறிஞ்சிரும்” எண்டாள்.

நான் எழும்பிப் போய் வேனக் கழுவினன் தம்பி. காலையில கழுவின வேன். திரும்பவும்!

பஹ்மியாதான் இடையில வந்து பேசி முடிச்சா. வாப்பா வரலாம். வேனக் கொண்டு வரப்படா, ஹோர்ன் இருக்கு. விசிலடிக்கப்படா. வாயத் திறக்கவே படா. இந்த மனிசனால அது ஏலுமா எண்டு ஸஹ்ரா கேக்க, வாய் சும்மா இருந்தாத்தானே கத்தும், வாய்க்கு வேலை குடுப்பம் எண்டு பஹ்மியா கச்சான் வறுத்தா. ஒவ்வொண்டாப் போடணும், மெட்ச் முடியிற மட்டும் காணும் எண்டு சொல்லித்தான் கட்டித் தந்தவ. அங்க ஒரு சொல்லும் கதைக்க ஏலாது பாருங்க, அதான் உள்ள கிடக்கிறதையெல்லாம் பஸ்ஸுக்குள்ளயே கதைச்சு முடிச்சிட்டுப் போவம் எண்டு பாக்கிறன். நீங்களும் நல்ல பிள்ளை, கேட்டுக்கொண்டு வந்தீங்க.

ஒரு உதவி தம்பி. ஒபிஸ் அவசரமில்லாட்டி என்னோட கிரவுண்டுக்கு வாங்க. எனக்குப் பக்கத்தில இருந்தாக் காணும். நான் வாயத் திறக்கிறன் எண்டு கண்டா, இதில ஒரு பிடி அள்ளி என்ட வாய்க்குள்ள... எங்க? முடிஞ்சிட்டா? பையில தோல்தான் கிடக்கு. நீங்க ரெண்டு கச்சான் மணிதானே எடுத்தீங்க, மற்றதெல்லாம் ஆர்...

தம்பி?

கண்டக்டர் தம்பி, இதில இருந்த பிள்ளை எங்க? முந்தியே நாலாங்கட்டையில இறங்கிட்டாரா? அவர் டவுனுக்கெண்டுதானே டிக்கட் எடுத்தவர். மறந்துட்டார் போல.

சரி. கிரவுண்டும் வந்திட்டு. கதையும் முடிஞ்சிட்டு, கச்சானும் முடிஞ்சிட்டு. இனி ஒரு சொல் வராது. கொஞ்சம் நிப்பாட்டுங்க, நான் இறங்கணும். அந்தா, றஊப்ட வேன். பின் கதவு திறந்துதான் கிடக்கு. பிள்ளைகள் இறங்கிட்டுதுகள். அந்தா நிக்கிறாள், குனிஞ்சு சப்பாத்துக் கட்டுறாள். ஸஹ்...

ஒண்டுமில்ல. ஒண்டுமில்ல கண்டக்டர் தம்பி, நான் ஆரையும் கூப்பிடல்ல. மெல்ல இறங்குறன்.